பீடியை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறும்போது உடலில் என்ன நிகழ்கிறது?

நோயாளிகளுக்கும் உடனிருந்து கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் ஒரு விளக்கம்

நெய்வேலியில் பீடியும் சிகரெட்டும் நெடுநாள் பழக்கங்கள். 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட நாள்முதல் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்டு முறையில் உழைத்தவர்களில் பலர், இரவுப் பணியில் உறக்கத்தை விரட்டவும், தேநீர் இடைவேளையில் களைப்பாறவும் புகையை நாடினார்கள். அவர்களுள் பலர் இன்று ஓய்வுபெற்ற நிலையில் இருமலோடும், மூச்சிரைப்போடும், இதய நோயோடும் புறநோயாளிகள் பிரிவின் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். “இனி ஒரு பீடிகூடக் கூடாது” என்று மருத்துவர் சொல்லும்போது தலையசைக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் அடுத்தது என்ன என்று திகைக்கிறார்கள்.

அந்தத் திகைப்பில் அண்மைக் காலமாக ஒரு புதிய பொருள் நுழைந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மகனோ மருமகனோ அன்போடு கொண்டுவந்து கொடுக்கும் மின்சிகரெட் அது. “இதில் புகையே இல்லை அப்பா, வெறும் ஆவிதான்” என்ற உறுதிமொழியும் கூடவே வருகிறது. சில வாரங்கள் கழித்துத் தொண்டை வறட்சி, தலைச்சுற்றல், படபடப்பு, வாய்ப்புண், முன்பைவிட அதிகமான இருமல் என்று ஏதேனும் ஒன்று தலைகாட்டும்போது, “பீடியே தேவலாம் போலிருக்கிறது” என்ற எண்ணம் எழுகிறது. வேறு சிலர் அந்தக் கருவியைப் பற்றி மருத்துவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். இவ்விரண்டுமே ஆபத்தானவை. ஏன் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

சட்டம் சொல்வது

தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டிலேயே மின்சிகரெட்டுக்குத் தடை விதித்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றத்தின் சட்டமாயிற்று. அதன்படி மின்சிகரெட்டை உற்பத்தி செய்தல், இறக்குமதி செய்தல், விற்றல், விநியோகித்தல், இருப்பு வைத்தல், விளம்பரம் செய்தல் ஆகிய அனைத்தும் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. முதன்முறை விற்றுப் பிடிபடுவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பணிபுரியும் சிங்கப்பூரிலும் 2018 பிப்ரவரி முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதும் பயன்படுத்துவதுமே குற்றமாகும்.

நோயாளி என்ற முறையில் இத்தடையின் ஒரு விளைவை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் சட்டப்படி விற்கப்படும் மின்சிகரெட் என்று ஒன்று கிடையாது. ஆகவே இங்கே ஒருவர் கைக்கு வரும் கருவியில் எவ்வளவு நிக்கோட்டின் இருக்கிறது, வேறு என்னென்ன கலந்திருக்கின்றன என்பதை எந்த அதிகாரியும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார். உறையில் அச்சிட்டிருப்பதை நம்பி அளவு கணிக்க இயலாது.

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் வம்பு வருமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வேண்டாம். நாங்கள் கேட்பது சிகிச்சைக்காக. நோயாளி தம் மருத்துவரிடம் கூறும் செய்தி மருத்துவ இரகசியமாகக் காக்கப்பட வேண்டியது.

கருவிக்குள் இருப்பது என்ன?

பீடியிலும் சிகரெட்டிலும் புகையிலை எரிகிறது. எரியும்போது தார், கார்பன் மோனாக்சைடு, புற்றுநோயை உண்டாக்கும் பற்பல வேதிப்பொருள்கள் ஆகியன புகையோடு நுரையீரலுக்குள் செல்கின்றன. பீடி சிறியது, ஆகவே தீங்கும் சிறியது என்ற எண்ணம் தவறு. அதன் இலைச் சுற்று காற்றை எளிதில் உள்ளே விடாது. அணையாமல் இருக்க அடிக்கடி ஆழ்ந்து இழுக்க வேண்டியுள்ளது. அதனால் சிகரெட்டுக்குக் குறையாத நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே செல்கின்றன.

மின்சிகரெட்டில் எரிதல் இல்லை. ஒரு மின்கலம், ஒரு சூடேற்றும் கம்பிச் சுருள், ஒரு திரவம் என்பவையே அதன் உறுப்புகள். திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், நறுமணப் பொருள்கள் ஆகியன உள்ளன. கம்பிச் சுருள் சூடாகும்போது திரவம் நுண்துளிகளாக மாறி உள்ளே இழுக்கப்படுகிறது. நாம் ‘ஆவி’ என்று அழைப்பது உண்மையில் நீராவி அன்று. வேதிப்பொருள்களின் நுண்துளிப் படலம். சூடு மிகும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற எரிச்சலூட்டும் பொருள்களும், கம்பிச் சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகத் துகள்களும் அதில் சேரக்கூடும்.

எரிதல் இல்லாததால் கார்பன் மோனாக்சைடும் தாரும் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன என்பது உண்மை. நிக்கோட்டின் நீங்குவதில்லை என்பதும் உண்மை. இவற்றோடு புதிய வேதிப்பொருள்கள் சில சேர்கின்றன. மாறியபின் தோன்றும் தொல்லைகளைப் புரிந்துகொள்ள இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொல்லை புகையை விட்டதால் வந்ததா, நிக்கோட்டினால் வந்ததா, புதிய திரவத்தால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. இவை தவிர நான்காவதாக ஒரு காரணமும் உண்டு: நீங்கள் வழக்கமாக உண்ணும் மருந்து. அதைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

புகையை விட்டதால் வரும் தொல்லைகள்

நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் மயிரிழை போன்ற நுண்ணிழைகள் உள்ளன. தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிவைக்கிறது. புகை நின்றதும் அவை மெல்ல மீண்டும் இயங்கத் தொடங்குகின்றன. தேங்கிய சளி மேலே வருகிறது. ஆகவே முதல் சில வாரங்களில் சிலருக்கு இருமல் கூடும். நிலக்கரித் தூசிக்கு நடுவே பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு இந்த நுண்ணிழைகளின் மீட்சி மிகவும் தேவையானது. தூசியும் புகையும் சேர்ந்து நுரையீரலைத் தாக்கும்போது ஏற்படும் சேதம், தனித்தனியே ஏற்படுவதைவிட அதிகம்.

சிலருக்கு முதல் இரண்டு வாரங்களில் வாய்ப்புண்கள் தோன்றும். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் தாமே ஆறிவிடும். நிக்கோட்டின் குடலைத் தூண்டும் தன்மை உடையது; அது குறையும்போது மலச்சிக்கல் ஏற்படலாம். பசி கூடும், நாவின் சுவை திரும்பும், எடை ஏறும். முற்றிலும் புகைப்பதை விட்டவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ வரை எடை கூடுவதாகவும், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்வதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. எரிச்சல், கோபம், உறக்கமின்மை, மனம் ஒருமுகப்படாமை ஆகியன முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன. மின்சிகரெட்டில் நிக்கோட்டின் குறைவாக இருந்தாலும் இவையெல்லாம் தோன்றும்.

இவை உடல் சீரடைவதன் அடையாளங்கள். இவற்றுக்கு அஞ்சி மீண்டும் பீடியைப் பற்றவைப்பது, ஆறத் தொடங்கிய புண்ணைக் கீறுவதற்கு ஒப்பாகும்.

நிக்கோட்டின் மிகுவதால் வரும் தொல்லைகள்

ஒரு பீடி சில நிமிடங்களில் எரிந்து முடிந்துவிடும். அடுத்ததை எடுக்கும் வரை ஓர் இடைவெளி கிடைக்கும். மின்சிகரெட்டுக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. தொலைக்காட்சி பார்க்கும்போதும், படுக்கையில் சாய்ந்திருக்கும்போதும் இழுத்துக்கொண்டே இருக்கலாம். எவ்வளவு இழுத்தோம் என்ற கணக்கே இருக்காது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒரு மில்லி லிட்டர் திரவத்தில் 20 மில்லி கிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக் கூடாது என்று வரம்பு வகுத்துள்ளனர். கள்ளத்தனமாக வரும் பொருளுக்கு எந்த வரம்பும் இல்லை.

நிக்கோட்டின் மிகுந்தால் குமட்டல், தலைவலி, தலைச்சுற்றல், வியர்வை, கை நடுக்கம், வாயில் உமிழ்நீர் ஊறுதல், நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தோன்றும். இரவில் இழுத்தால் உறக்கம் கெடும். நிக்கோட்டின் இதயத் துடிப்பை விரைவுபடுத்துகிறது. இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. மாரடைப்பு வந்தவர்கள், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், துடிப்பு ஒழுங்கற்றவர்கள், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு இது சிறிய செய்தி அன்று. கருவுற்ற பெண்கள் எவ்வடிவிலும் நிக்கோட்டினைத் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவின் மூளை, நுரையீரல் வளர்ச்சியை அது பாதிக்கிறது.

திரவத்தால் வரும் தொல்லைகள்

புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் ஈரத்தை ஈர்க்கும் தன்மை கொண்டவை. வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தை அவை இழுத்துக்கொள்வதால் நா வறட்சி, தொண்டை எரிச்சல், வறட்டு இருமல் ஆகியன ஏற்படுகின்றன. மாறியவர்கள் மிகுதியாகக் குறைப்பட்டுக்கொள்வது இவற்றையே. பிரிட்டனில் 886 பேரிடம் நடத்தப்பட்டு 2019ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மின்சிகரெட் பயன்படுத்தியவர்களில் 65.3 விழுக்காட்டினருக்கு வாய் அல்லது தொண்டை எரிச்சல் இருந்தது. நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை போன்ற மாற்றுகளைப் பயன்படுத்தியவர்களிடம் இது 51.2 விழுக்காடாக இருந்தது. நம் ஊரின் கோடை வெயிலில் வறட்சி இன்னும் கூடும். உமிழ்நீர் குறைந்த வாயில் பற்சொத்தையும் ஈறு நோயும் எளிதில் இடம்பிடிக்கும். சர்க்கரை நோயாளிகள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கும் இந்த நுண்துளிகள் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்து இழுப்பைத் தூண்டக்கூடும். மாறியபின் இன்ஹேலரை முன்பைவிட அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தால், அதைக் குறித்துவைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கலப்படத் திரவம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்தது ஓர் எச்சரிக்கை. 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அங்கே இளைஞர்கள் பலர் கடும் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தனர். காய்ச்சல், இருமல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவையும் இருந்ததால் தொடக்கத்தில் பலருக்கு நிமோனியா என்று கருதி நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுக்கப்பட்டது, பயன் இல்லை. அவர்கள் ஆவிக்கருவி பயன்படுத்தியது தெரிந்த பிறகே நோயின் தன்மை விளங்கியது. 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டதாகவும், அவர்களில் 68 பேர் இறந்ததாகவும் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. பெரும்பாலானோர் பயன்படுத்தியது கஞ்சாச் சாறு கலந்த திரவம். அதைக் கெட்டிப்படுத்தச் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் எண்ணெய்ப் பொருளே முதன்மைக் காரணம் என்று கண்டறியப்பட்டது. நோயாளிகள் 51 பேரின் நுரையீரல் கழுவுநீரைச் சோதித்ததில் 48 பேரிடம் அப்பொருள் இருந்தது.

மின்சிகரெட் பிடிக்கும் எல்லாருக்கும் இந்நோய் வரும் என்று கூறவில்லை. ஆனால் எங்கே, யார் கலந்தார் என்று அறியாத திரவத்தை நுரையீரலுக்குள் இழுப்பதன் பொருள் இதுதான். நோயாளி மறைத்துவிட்டால் மருத்துவரும் தவறான பாதையில் செல்ல நேரும் என்பதையும் இந்நிகழ்வு காட்டுகிறது.

மருந்தின் அளவு மாறிவிடும்

பலரும் அறியாத செய்தி இது. பீடி, சிகரெட் புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. அந்த நொதி சில மருந்துகளை விரைவாகச் சிதைத்து வெளியேற்றும். ஆகவே புகைப்பவர்களுக்கு அம்மருந்துகளின் அளவு சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். இந்தத் தூண்டுதலைச் செய்வது எரிதலில் பிறக்கும் பொருள்களே, நிக்கோட்டின் அன்று. எனவே புகையை நிறுத்தினாலும், மின்சிகரெட்டுக்கு மாறினாலும், நொதியின் வேகம் ஒரு வாரத்துக்குள்ளேயே குறையத் தொடங்கும். அதே மாத்திரை, அதே அளவு. ஆனால் இரத்தத்தில் சேரும் மருந்து கூடிவிடும்.

மூச்சிரைப்புக்காக உண்ணும் தியோஃபிலின் வகை மாத்திரைகள் இதில் முதலிடம் பெறுகின்றன. அவை இரத்தத்தில் மிகுந்தால் குமட்டல், வாந்தி, கை நடுக்கம், கடும் படபடப்பு ஆகியன வரும். அளவு மிகவும் கூடினால் வலிப்பும் வரலாம். நோயாளியோ “மின்சிகரெட் ஒத்துக்கொள்ளவில்லை” என்று நினைத்துப் பீடிக்குத் திரும்பிவிடுவார். உண்மையில் தேவைப்படுவது மாத்திரையின் அளவைத் திருத்துவதுதான். மனநல சிகிச்சையில் கொடுக்கப்படும் குளோசபைன், ஓலன்சபைன் ஆகிய மருந்துகளுக்கும் இது பொருந்தும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உண்போர், புகையை விட்டதும் இரத்த உறைவுச் சோதனையை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும் சர்க்கரை அளவு மாறலாம். சில வாரங்களுக்கு அடிக்கடி சோதித்துப் பாருங்கள்.

காபியும் இதே நொதியால்தான் சிதைக்கப்படுகிறது. புகைத்த காலத்தில் நாளைக்கு ஐந்து டம்ளர் காபி குடித்தும் நன்றாக உறங்கியவர், புகையை விட்டபின் அதே ஐந்து டம்ளரால் உறக்கமின்றிப் படபடப்போடு புரளுவார். காபியையும் தேநீரையும் பாதியாகக் குறைத்தாலே பலருக்கு இத்தொல்லை தீரும்.

எந்த மருந்தையும் நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. புகையை விட்ட நாளையும், மின்சிகரெட் தொடங்கிய நாளையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அளவை மருத்துவர் முடிவு செய்வார்.

இரண்டும் சேர்ந்தால்

வீட்டில் மின்சிகரெட், வெளியே நண்பர்களோடு பீடி என்று இரண்டையும் கையாளுவோர் பலர். “முன்பு இருபது பீடி, இப்போது ஐந்துதான்” என்று அவர்கள் ஆறுதல் கொள்கிறார்கள். இதய நோயைப் பொறுத்தவரை இந்த ஆறுதலுக்கு இடமில்லை. நாளைக்கு ஒன்றிரண்டு சிகரெட் மட்டும் புகைப்போருக்குக்கூட, அறவே புகைக்காதவர்களைவிட மாரடைப்பு அபாயம் கணிசமாகக் கூடுதல். குறைத்தல் என்பது விடுவதற்கான படியாக இருக்கலாம். அதிலேயே நின்றுவிடக் கூடாது.

சுரங்கத்திலும் கன்வேயர் பகுதியிலும் தீக்குச்சி கூடாது என்பது பணிபுரிவோர் அறிந்ததே. பழுப்பு நிலக்கரி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. மின்சிகரெட்டில் நெருப்பு இல்லையே என்று எண்ண வேண்டாம். அதன் லித்தியம் மின்கலம் பழுதுற்றால் தீப்பற்றி வெடிக்கலாம். சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் வெடித்துத் தீக்காயம் அடைந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளிகளின் அருகில் பீடி, சிகரெட், மின்சிகரெட் எதுவுமே இருக்கக் கூடாது.

“லண்டனில் மருத்துவர்களே கொடுக்கிறார்களே?”

வெளிநாட்டில் வாழும் உறவினர்கள் கேட்கும் இக்கேள்வி நியாயமானது. மேலே கூறிய பிரிட்டன் ஆய்வில், ஓராண்டு முடிவில் புகையை விட்டிருந்தோர் மின்சிகரெட் குழுவில் 18 விழுக்காடு. நிக்கோட்டின் மாற்றுக் குழுவில் 9.9 விழுக்காடு. இருமலும் சளியும்கூட மின்சிகரெட் குழுவில் கூடுதலாகக் குறைந்தன. ஆகவே, வேறு வழியில் விட இயலாத வயதுவந்த புகைப்பாளர்களுக்கு, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மின்சிகரெட்டை அந்நாட்டு மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். புகையைவிட அது தீங்கு குறைந்தது என்பது அவர்களின் கணிப்பு; தீங்கற்றது என்று அவர்களும் கூறுவதில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. புகையை விட்டவர்களில், மின்சிகரெட் குழுவினர் 80 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பிறகும் மின்சிகரெட்டைத் தொடர்ந்துகொண்டிருந்தனர். மாற்றுக் குழுவில் அப்படித் தொடர்ந்தோர் 9 விழுக்காட்டினரே. நிக்கோட்டினின் பிடி மின்சிகரெட்டில் தளர்வதில்லை என்பதே இதன் பொருள்.

நம் நாட்டு நிலைமையும் வேறு. 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்தினர். புகைப்போர் 10.7 விழுக்காடு, மெல்லுவோரும் வாயில் அடக்குவோரும் 21.4 விழுக்காடு. மெல்லும் புகையிலைக்கு மின்சிகரெட் எவ்வகையிலும் தீர்வாகாது. இங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருளும் இல்லை. பள்ளி மாணவர்களை அது ஈர்க்கும் என்ற அச்சமும் உண்டு. இவற்றையெல்லாம் கருதியே சட்டம் வந்தது. லண்டனில் சோதித்து விற்கப்படும் பொருளுக்குக் கிடைத்த சான்றை, இங்கே மறைவாகக் கைமாறும் பொருளுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

இப்போது என்ன செய்யலாம்?

ஏற்கெனவே மின்சிகரெட்டுக்கு மாறிவிட்டவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: தயவுசெய்து பீடிக்குத் திரும்பாதீர்கள். அங்கிருந்து முற்றிலும் விடுபடுவதே அடுத்த படி. அதற்குச் சட்டப்படியான, சோதிக்கப்பட்ட வழிகள் உள்ளன.

நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. இதைச் சாதாரண மிட்டாய் போல் மெல்லக் கூடாது. காரச் சுவை தெரியும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும்; சுவை மங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். விரைந்து மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். மெல்லுவதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்து காபி, தேநீர், பழச்சாறு வேண்டாம். அவை நிக்கோட்டின் உள்ளே செல்வதைத் தடுக்கும். பொய்ப்பல் கட்டியவர்களுக்குத் தோலில் ஒட்டும் பட்டை ஏற்றதாக இருக்கலாம். புப்ரோப்பியான், வரெனிக்லின் ஆகிய மாத்திரைகள் மருத்துவரின் பரிந்துரையோடு மட்டுமே எடுக்க வேண்டியவை. இதய நோயாளிகளும் வலிப்பு நோயாளிகளும் எதையும் தாமாகத் தொடங்க வேண்டாம்.

1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுவிப்பு உதவி எண்ணுக்குக் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். விடும் நாளைக் குறிப்பது முதல், தடுமாறும் வேளையில் தாங்கிப் பிடிப்பது வரை ஆலோசகர்கள் துணை நிற்பார்கள்.

சுரங்கத் தொழிலாளர்களுக்கான காலமுறை மருத்துவப் பரிசோதனையின்போதும், அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்கமருந்து மருத்துவர் கேட்கும்போதும், “புகைப்பதில்லை” என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். “மின்சிகரெட் பிடிக்கிறேன்” என்பதையும், எவ்வளவு காலமாக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டாருக்குச் சில சொற்கள்

விடும் முயற்சியின் முதல் மாதம் வீட்டுக்கும் சோதனையான மாதம். சிறு சொல்லுக்கும் அவர் சீறுவார். சாப்பாட்டில் குறை காண்பார். அது நிக்கோட்டின் குறைவதன் விளைவு. உங்கள்மீது உள்ள வெறுப்பு அன்று. ஒருமுறை தவறிப் புகைத்துவிட்டால், “எனக்குத் தெரியும், உங்களால் முடியாது” என்று சொல்லாதீர்கள். பலரும் ஒரே முயற்சியில் விட்டவர்கள் அல்லர். எப்போது, எந்த இடத்தில், யாரோடு இருக்கையில் தவறியது என்று இருவரும் அமர்ந்து பேசினால் அடுத்த முறைக்கு அது உதவும்.

ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் நான்கு செய்திகளை எழுதிவையுங்கள்: இருமல் எப்படி இருந்தது, எத்தனை மணி நேரம் உறங்கினார், எத்தனை காபி அல்லது தேநீர் குடித்தார், புகையோ ஆவியோ எத்தனை முறை. அடுத்த முறை வரும்போது அதைக் கொண்டுவந்தால், தொல்லைக்குக் காரணம் எது என்று கண்டறிவது எங்களுக்கு எளிதாகும்.

அடிக்கடி தண்ணீரும் மோரும் கொடுங்கள். மலச்சிக்கலுக்குக் கீரையும் பழமும் கொய்யாவும் போதும். உணவு உண்டவுடன் புகைக்கும் வழக்கம் உள்ளவரைச் சாப்பிட்டதும் பத்து நிமிடம் உடன் அழைத்துக்கொண்டு நடங்கள்.

வீட்டில் மின்சிகரெட் திரவம் இருந்தால் குழந்தைகளிடமிருந்து அதை அறவே விலக்குங்கள். இனிப்பு மணமும் வண்ணமும் உடைய அத்திரவத்தைச் சிறு குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். தோலில் கொட்டினாலும் நிக்கோட்டின் உடலுக்குள் செல்லும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், திரவத்தின் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றை “மாறியதால் வருவது” என்று எண்ணி வீட்டில் இருந்துவிடாதீர்கள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

• நெஞ்சு வலி, நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி
• ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத்திணறல், உதடு நீலம்பாய்தல்
• காய்ச்சலும் இருமலும் சேர்ந்து, மூச்சு நாளுக்கு நாள் குறைதல்
• சளியில் இரத்தம்
• நிற்காத வாந்தி, மயக்கம், வலிப்பு
• மயக்கத்தோடு கூடிய படபடப்பு

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்க்கான சளிச் சோதனை கட்டாயம் தேவை. அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, குரல் கம்மல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை மூன்று வாரங்களுக்கு மேல் இருந்தாலும் பரிசோதனைக்கு வர வேண்டும். பல ஆண்டுகள் புகைத்தவருக்கு இவை புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். தொடக்கத்தில் கண்டறிந்தால் சிகிச்சைக்கு வழி உண்டு. புதிய கருவியின்மீது பழி போட்டுக் காலம் கடத்தினால் அந்த வழி குறுகிவிடும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது, உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும், இக்கட்டுரையில் கூறிய குறிப்பேட்டையும் எடுத்து வாருங்கள். மின்சிகரெட் பயன்படுத்துபவராக இருந்தால், மருத்துவர் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.